நடுவில் உட்கார்ந்த மனிதன்

ஓஸ்வால்டின் வேலை மனிதனாக இருப்பது. கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஏசி அறையில், காலையிலிருந்து சாயங்காலம் வரை மனிதனாக உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு மேல் அவனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. அவனும் அதற்கு மேல் எதையும் கொடுத்துத் தொலைக்கவில்லை.

இது கிண்டல் இல்லை. நியமனக் கடிதத்திலேயே அப்படித்தான் போட்டிருந்தது: மனித மதிப்பாய்வாளர், தமிழ். பெங்களூர் வெளிவட்டச் சாலையில் கண்ணாடி போர்த்திய கட்டடம் ஒன்றில் அந்தக் கம்பெனி இருக்கிறது. ஊரிலுள்ள கால் சென்டர்களில் பெண்களும் பையன்களும் போனில் பேசுவதையெல்லாம் அதன் இயந்திரம் ஒட்டுக்கேட்கும். பேச்சை எழுத்தாக்கும், எழுத்தை ஆங்கிலமாக்கும், ஆங்கிலத்துக்கு மார்க் போடும். யார் கனிவாகப் பேசினார்கள், யார் எரிந்து விழுந்தார்கள், யாரை வேலையை விட்டுத் தூக்கலாம் என்பதுவரை அதுவே சொல்லும். முன்பெல்லாம் அது சொன்னால் சொன்னதுதான்.

பிறகு ஐரோப்பாவில் சட்டம் போட்டார்கள். ஒரு ஆளின் பிழைப்பில் கை வைக்கிற இயந்திரத்துக்கு மேலே ஒரு மனிதன் இருந்தாக வேண்டும் என்றார்கள். அமலாகும் தேதி முன்னே பின்னே நகர்ந்துகொண்டிருந்தாலும், அங்கேயுள்ள வாடிக்கையாளர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை, வழிகாட்டு நெறிகள் வந்தன. அவற்றிலும் மனிதனைப் பற்றி நல்ல நல்ல வார்த்தைகள் இருந்தன. சர்வதேசத் தரச் சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்ட வேண்டுமானால், தணிக்கைக்கு வருகிறவரிடம் அந்த மனிதனைக் கையைக் காட்டி, இதோ உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். அப்படிக் காட்டுவதற்கு ஆள் தேடியபோது அகப்பட்டவன் ஓஸ்வால்ட்.

அவர்கள் எத்தனை பேரைப் பார்த்து இவனைத் தேர்ந்தெடுத்தார்களோ தெரியாது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த நாற்காலிக்கு அவனைவிடப் பொருத்தமானவன் பெங்களூரில் கிடைத்திருக்க மாட்டான்.

பிறந்து வளர்ந்தது மர்பி டவுனில். பி.காம். முடித்ததும் ஒரு கூரியர் கம்பெனியில் சேர்ந்தான். உடைந்துபோன பார்சலுக்காக யாராவது சண்டைக்கு வந்தால், அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது, நானே பரிசோதித்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவன் வேலை. ஒரு பார்சலையும் அவன் கண்ணால் பார்த்ததில்லை. சீட்டு வரும், கையெழுத்துப் போடுவான், டீ வரும், குடிப்பான். அந்தக் கம்பெனி இழுத்து மூடப்படும்வரை அங்கேயே இருந்தான். மேலே இருப்பவர் எவரிடமும் 'முடியாது' என்றோ 'இல்லை' என்றோ அவன் வாயிலிருந்து வந்ததில்லை. தங்கமான மனுஷன் என்று பேரெடுத்திருந்தான்.

அந்த 'இல்லை' எல்லாம் எங்கே போயிற்று என்றால், வீட்டுக்கு வந்தது. லிங்கராஜபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் அவர்கள் வீடு. மகள் கேரல் கல்யாணமாகி மைசூருக்குப் போய்விட்டாள். மிச்சமிருப்பது அவனும் அவன் மனைவி பெர்னதெத்தும். மழை வரும் போலிருக்கிறது என்று அவள் சொன்னால் வராது என்பான். மீன் நன்றாக இருக்கிறதே என்றால் ஐஸில் வைத்தது என்பான். எதையும் நேராக மறுத்துவிட்டு, ஏன் மறுத்தேன் என்று விளக்கவும் ஆரம்பிப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கிறவன் ஆகையால் குரல் நன்றாக இருக்கும், விளக்கம் சுலபத்தில் முடியாது.

அவனை நிறுத்துவதற்கு பெர்னதெத்திடம் ஒரே ஒரு சொல் இருந்தது. "சாகு."

வெளியூர்க்காரர்கள் திடுக்கிட வேண்டாம். கன்னடத்தில் சாகு என்றால் போதும் என்று அர்த்தம். பெர்னதெத் ஜீவனஹள்ளியில் பிறந்தவள். தெருவில் பாதி கன்னடம், பாதி தமிழ், கடையில் கொஞ்சம் உருது என்று வளர்ந்தவளுக்குப் போதும் என்ற சொல்லே வாயில் வராது. சோறு போட்டால் சாகு, காபி ஊற்றினால் சாகு, புருஷன் பேசினால் சாகு. அந்தச் சாகுவில் 'கு' அழுத்தமாக வரும், குடம் என்பதில் வருகிற 'கு'. தமிழில் போய்ச் சாகு என்று திட்டும்போது வருகிற 'கு' வேறு. அது அழகு என்பதில் வருகிற மாதிரி மெலிந்து ஒலிக்கும். காதுக்கு இரண்டும் நன்றாகவே தெரியும். எழுதும்போதுதான் தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அதனால் இதுவரை யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை.

பெர்னதெத்துக்கும் வேலை கால் சென்டரில்தான். கம்மனஹள்ளியில், ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார் எண். தமிழ், கன்னடம் இரண்டையும் அவள் பார்த்துக்கொண்டாள். துணி சுற்றாமல் நின்றுபோய் எரிச்சலோடு போன் பண்ணுகிறவர்களைச் சமாளிப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ஓஸ்வால்ட் கம்பெனியின் இயந்திரம்தான் அங்கேயும் ஒட்டுக்கேட்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. வாடிக்கையாளர் பெயர்களை அவனிடம் காட்டமாட்டார்கள். அவனும் எங்கே வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஏஐ-யை மேற்பார்வை பண்றேன்" என்று மட்டும் சொல்லிவைத்தான். சர்ச் வாசலில் அதைச் சொல்லும்போது அவனுக்கு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருக்கும்.

மேற்பார்வையின் லட்சணம் இதுதான். திரையில் ஒரு குற்றச்சாட்டு ஆங்கிலத்தில், சுருக்கமாக வரும். ஆளின் பெயர் இருக்காது. கீழே இரண்டு பொத்தான்கள். பச்சையில் 'ஏற்கிறேன்', சிவப்பில் 'மறுக்கிறேன்'. பக்கத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி. அதைத் தட்டினால் பேசிய வாக்கியம் தமிழில் விரியும், பேச்சையும் கேட்கலாம். ஆள் யாரென்று தெரியாதபடி குரலை மட்டும் மாற்றியிருப்பார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு செய்த ஏற்பாடு. கேட்பதற்கென்று ஒவ்வொரு மேஜையிலும் உயர்ந்த ரக ஹெட்போன் ஒன்று கொக்கியில் மாட்டியிருந்தது. ஓஸ்வால்டின் ஹெட்போனில் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

பச்சையை அமுக்கினால் வேலை முடிந்தது, அடுத்தது வரும். சிவப்பை அமுக்கினால் பெட்டி பெட்டியாகத் திறக்கும். ஏன் மறுக்கிறாய், ஆதாரம் என்ன, இயந்திரம் எங்கே தவறியது, மேலதிகாரி சம்மதித்தாரா. பக்கத்து நாற்காலியில் மலையாளம் பார்க்கிற லீனா ஆரம்பத்தில் ஆர்வமாக அம்புக்குறியைத் தட்டித் தட்டிக் கேட்டாள். மாதக் கடைசியில் அவள் பெயருக்கு நேராக 'வேகம் குறைவு' என்று வந்தது. அதிலிருந்து அவளும் பச்சைதான்.

"அங்கிள், சிஸ்டம் மோஸ்ட்லி கரெக்ட்டா இருக்கும். நீங்க சும்மா ஒரு லுக் விடுங்க, சாகு," என்று முதல் நாளே சொல்லியிருந்தான் மேனேஜர் ராகேஷ். அவன் மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரன், தமிழை அரைகுறையாகப் பேசுவான். அவன் சொன்ன சாகு ஓஸ்வால்டுக்கு அன்று நன்றாகவே புரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திரையில் ஒன்று வந்தது. பணியாளர், வயதான வாடிக்கையாளர் ஒருவரை இரண்டு முறை செத்துப்போகச் சொல்கிறார். இதற்கு மேல் தேவையில்லை என்றும் சொல்கிறார். தீவிரம்: மிகக் கடுமை. பரிந்துரை: உடனடிப் பணிநீக்கம். ஓஸ்வால்ட் 'ச்சே' என்று உச்சுக்கொட்டினான். எப்படிப்பட்ட ஜென்மங்கள் எல்லாம் போன் எடுக்க வந்துவிடுகின்றன என்று நினைத்தான். பச்சையை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனான்.

அந்த வார முடிவில் பெர்னதெத் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஓஸ்வால்ட் வரும்போது அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வேலய எடுத்துட்டாங்க," என்றாள்.

"நீ எதுனா வாய விட்டிருப்ப," என்றான் ஓஸ்வால்ட். என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே மறுப்பது அவன் பழக்கம்.

"நானா? ஒரு பெரியவருங்க, அல்சூருலேந்து. மெஷின் பின்னாடி ஒட்டியிருக்கற நம்பர படிங்கன்னேன். பாவம், மெஷின இழுத்து, குனிஞ்சு, மூச்சு வாங்க ஒவ்வொரு எழுத்தா படிக்கறாரு. எனக்கு வேண்டியது வந்துடுச்சு, அவரு நிறுத்த மாட்டேங்கறாரு. 'சாகு சார், சாகு, இதுக்கு மேல வேணாம்'னேன். அவரும் சிரிச்சிட்டு, தேங்க்ஸ்ம்மான்னு வச்சாரு. நான் அவர சாவச் சொன்னேனாம்! செத்துப் போ சார்னு எவளாவது சொல்வாளா? சாவச் சொல்றவ சார் போடுவாளா?"

ஓஸ்வால்டுக்குத் திரையில் படித்தது வரி பிசகாமல் ஞாபகம் வந்தது. இரண்டு முறை செத்துப்போகச் சொல்கிறார். இதற்கு மேல் தேவையில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை உச்சுக்கொட்டியது அவன் காதில் திரும்பக் கேட்டது.

பெர்னதெத் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இத படிங்க. மிஷின் மேல எனக்குக் கோவமே இல்ல. அதுக்கு ஜீவனஹள்ளி தெரியுமா, லிங்கராஜபுரம் தெரியுமா? இங்க பாருங்க, இன்னா போட்டுக்கீறாங்க. தகுதி பெற்ற மனித மதிப்பாய்வாளர் ஒருவர் சரிபார்த்து உறுதி செய்துள்ளார். ஒரு மனுசன் பாத்தானாம். தகுதி வேற பெற்றவனாம். அவனுக்கு காது இன்னா அடகு கடையிலயா கீது?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு, "அப்பீல் இருக்கும், பாரு," என்றான்.

அப்பீல் இருந்தது. தரச் சான்றிதழுக்கான விதிகளில் அதற்கும் ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவர் கேட்டால் மனிதர் ஒருவர் மறுபடியும் பார்க்க வேண்டும், முதலில் பார்த்தவரே பார்க்கக்கூடாது. ஆனால் தமிழுக்கு இரண்டாவது ஆள் காகிதத்தில்தான் இருந்தான், நாற்காலியில் இல்லை. எல்லா அப்பீல்களும் ஓஸ்வால்டிடமே திரும்பி வந்தன. எல்லாவற்றையும் அவன் பச்சையிலேயே முடித்திருந்தான்.

அப்பீலை எழுதியதும் அவன்தான். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் அவன். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவன் தட்ட, எதிரே கை கட்டி நின்று அவள் சொன்னாள்.

"அந்த மனுசன ஒரு வாட்டி காதால கேக்கச் சொல்லுங்க. அவ்ளோதான். கேட்டா போதும், அவனுக்கே தெரியும். கெஞ்சற மாதிரி எழுதாதீங்க."

"கெஞ்சலயே."

"அவனுக்கும் பொண்டாட்டி இருப்பா இல்ல? அவளும் வேலைக்குப் போவா இல்ல? அதயும் போடுங்க."

"அதெல்லாம் போடக்கூடாது. இது அஃபிஷியல் லெட்டர். இதுல பாரு, ஒரு முறை இருக்கு, அதாவது..."

"சாகு சாகு," என்றாள் அவள் பழக்க தோஷத்தில். சொன்ன பிறகுதான் அது எந்தச் சொல் என்று இருவருக்குமே உறைத்தது. பிறகு அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனாள்.

'ஒரு மனிதர் என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று கோருகிறேன்' என்று ஓஸ்வால்ட் தனக்குத்தானே எழுதிக்கொண்டு, தன் கம்பெனிக்கே அனுப்பிவைத்தான்.

அதற்குப் பிறகு வந்த நாள்களில் பெர்னதெத்தின் வாயில் வேறு பேச்சே இல்லை. வேறு இரண்டு இடங்களில் வேலை கேட்டுப் போனாள். ஒரு இடத்தில், மேடம் உங்கள் பெயரில் சிவப்புக் குறி இருக்கிறது என்று சொல்லிக் குனிந்துகொண்டார்கள். அதே இயந்திரம்தான் அங்கேயும். கிழவரைச் செத்துப்போகச் சொன்னவள் என்ற குறி அவள் எங்கே போனாலும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கூட வேலை பார்த்த ஒருத்தி சர்ச்சில் அவளைப் பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். வேலை போனதைக் காட்டிலும் அதுதான் பெர்னதெத்தைக் குத்தியது. தன் வாழ்நாளில் யாரையும் வாய்தவறிக்கூடத் திட்டியதில்லை என்று இல்லை, நன்றாகவே திட்டுவாள். ஆனால் முடியாத கிழவரை அப்படிச் சொல்கிறவள் இல்லை அவள்.

"இன்னிக்கு பூசையில அந்த மனுசனுக்காக வேண்டிக்கிட்டேன்," என்றாள் ஞாயிற்றுக்கிழமை.

"புத்தி வரணும்னா?"

"பேதி வரணும்னு."

மேடையில் நின்று வாசகம் வாசித்துவிட்டு வந்த ஓஸ்வால்ட் அன்று சாப்பிட முடியாமல் எழுந்துவிட்டான். அவன் வருத்தப்பட்டான் என்று சொல்லலாம். ஆனால் என்ன வருத்தம் என்று பார்த்தால், அவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்ற வருத்தம்தான் முக்கால்வாசி. அப்பீல் வரட்டும், வந்ததும் சிவப்பை அமுக்கிவிடுகிறேன், அவளுக்கு வேலை கிடைத்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. இப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். அப்படிச் செய்திருந்தால்கூட மன்னித்துவிடலாம்.

அப்பீல் வந்தது. வந்த அன்று பார்த்துத் தணிக்கையும் வந்தது. அதிதி என்று ஒரு பெண், பாந்தமான காட்டன் புடவையும் லேப்டாப்புமாக, கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தாள். சான்றிதழைப் புதுப்பிக்கலாமா என்று பார்க்க வந்தவள். ராகேஷ் காலையிலிருந்து உள்ளாடைத் தையல் பிரிந்தவன் மாதிரி நெளிந்துகொண்டிருந்தான். வாசலில் ரங்கோலி, வந்தவளுக்கு ஏலக்காய் டீ.

ஓஸ்வால்ட் தன் நாற்காலியில் உட்கார்ந்து அம்புக்குறியைத் தட்டினான். இந்த வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஹெட்போனை எடுத்து, பிளாஸ்டிக் உறையைக் கிழித்தான். அது கிழிந்த சத்தத்துக்கு லீனா திரும்பிப் பார்த்தாள்.

காதில் வந்தது பெர்னதெத்தின் குரல் இல்லை. தொண்டை கட்டிய ஆம்பிளையின் குரலாக அதை மாற்றியிருந்தார்கள். ஆனால் பேச்சு அவளுடையது. "ஸ்வல்ப குனிஞ்சு பாருங்க சார். மெதுவா. அவசரமே இல்ல, நான் லைன்லயே இருக்கேன்." பெரியவர் மூச்சு வாங்கினார், எழுத்து எழுத்தாகப் படித்தார். "சாகு சார், சாகு, இதுக்கு மேல வேணாம்." 'கு' அழுத்தமாக, குடத்தின் 'கு'வாக, யாருக்கும் சந்தேகமே வராதபடி விழுந்தது. பெரியவர் சிரித்தார். தேங்க்ஸ்ம்மா என்றார். கூடவே, வீட்டுக்கு வந்தா காபி தரேன் என்றும் சொல்லியிருந்தார். அதை பெர்னதெத் அவனிடம் சொல்லவில்லை.

ஓஸ்வால்டுக்குக் கண் கலங்கியது. கலங்கியது உண்மைதான். தன்னிடம் அவள் இவ்வளவு பொறுமையாகப் பேசிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தான். சிவப்பை அமுக்கினான்.

பெட்டிகள் திறந்தன. காரணம் எழுதினான்: சாகு என்பது கன்னடச் சொல், போதும் என்று பொருள். ஆதாரம் எழுதினான். கடைசிப் பெட்டி புதிதாக இருந்தது, தணிக்கைக்காக அந்த வாரம்தான் சேர்த்திருந்தார்கள். முதல் மதிப்பாய்வில் இந்தத் தவறு ஏன் கண்டுபிடிக்கப்படவில்லை? முதல் மதிப்பாய்வாளர் பெயர்: ஓஸ்வால்ட் பெர்னார்ட். இந்தப் பதில் நேரடியாகத் தணிக்கையாளரின் பார்வைக்குச் செல்லும்.

'கேட்கவில்லை' என்று ஒரே சொல்லைத் தட்டினான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழித்தான். 'வேலைப் பளு' என்று தட்டினான், அதையும் அழித்தான். கண்ணாடி அறைக்குள் அதிதி எதையோ குறித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ராகேஷ் பின்னால் வந்து நாற்காலியின் முதுகில் கை வைத்தான்.

"அங்கிள், இன்னிக்கு ரெட் எதுவும் இல்லல்ல? இன்னிக்கு ஒரு நாள், ப்ளீஸ்."

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மறுத்துச் சொல்ல வேண்டியிருந்த இடம் அது. இருக்கிறது சார், ஒன்று இருக்கிறது, அது என் பெண்டாட்டி என்று சொன்னால் முடிந்தது. வீட்டில் தண்ணீர் சூடாக இருக்கிறது என்றால்கூட மறுக்கிற வாய், அங்கே இளித்தது.

"ஒண்ணும் இல்ல சார்," என்றான் ஓஸ்வால்ட். எழுதிய பெட்டிகளை அப்படியே விட்டு, திரையில் முந்தைய பக்கத்துக்குப் போனான். பச்சையை அமுக்கினான்.

மத்தியானம் அவனைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்கள். அதிதி மரியாதையாக எழுந்து நின்று உட்காரச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"சிஸ்டம் சொல்றத மறுக்க உங்களுக்குச் சுதந்திரம் இருக்கா சார்?"

"முழுச் சுதந்திரம் இருக்கு மேடம்."

"இதுவரைக்கும் எத்தன வாட்டி மறுத்திருக்கீங்க?"

"தேவைப்படல மேடம்."

அவள் தலையைத் தூக்கி அவனை ஒரு பார்வை பார்த்தாள். எதுவோ கேட்க வந்து, கேட்காமல், கேள்விப் பட்டியலில் அடுத்ததற்குப் போனாள். மறுக்கும் வசதி: உண்டு. ஹெட்போன்: உண்டு, உறை பிரித்து உபயோகத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது. கடைசியாக ஒன்று மட்டும் குறை என்றாள்.

"யார் ரிவ்யூ பண்ணாங்கன்னு பாதிக்கப்பட்டவங்களுக்குத் தெரியறதில்ல. வெளிப்படைத்தன்மைக்கு அது நல்லதில்ல. இனிமே லெட்டர்ல உங்க பேரைப் போடலாம்னு சிபாரிசு பண்றேன். உங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இருக்கா?"

ராகேஷ் கதவருகே நின்றுகொண்டு, இருக்குன்னு சொல்லிடாதீங்க அங்கிள் என்கிற மாதிரி கண்ணால் கெஞ்சினான். குறை தீர்ந்தால் சான்றிதழ் உண்டு.

"எந்த ஆட்சேபணையும் இல்ல மேடம்," என்றான் ஓஸ்வால்ட். மேலே இருப்பவர்களிடம் இல்லை என்ற சொல்லை அவன் உபயோகிக்கிற ஒரே விதம் அதுதான். தன் பெயர் அச்சில் வருவதில் அவனுக்கு எப்போதுமே ஒரு ஆசையும் உண்டு. பங்குக் கோயில் இதழில் வாசகர்கள் பட்டியலில் தன் பெயரைக் கோடு போட்டு வைத்திருக்கிறவன் அவன். இது அடுத்த மாதத்திலிருந்து வரப்போகிற ஏற்பாடு என்றுதான் நினைத்தான். இயந்திரம் அடுத்த மாதம் வரைக்கும் காத்திருப்பதில்லை. ராகேஷ் வெளியே வந்ததும் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டான், அந்த நிமிடத்திலிருந்து போன கடிதங்களிலெல்லாம், காலையில் முடிந்த அப்பீல்களின் கடிதங்கள் உட்பட, பெயர் இருந்தது.

சாயங்காலம் ஓஸ்வால்ட் பஸ்ஸை விட்டு இறங்கி, அய்யங்கார் பேக்கரியில் பெர்னதெத்துக்குப் பிடித்த காய்கறி பஃப்ஸ் வாங்கினான். சூடாக இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டு வாங்கினான். அவளுக்கு வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், கேரலிடம் சொல்லி மைசூரில்கூடப் பார்க்கலாம், எல்லாம் நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று சந்துக்குள் நடந்துகொண்டே நினைத்தான்.

பெர்னதெத் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் போன். அவன் பஃப்ஸ் பொட்டலத்தை மேஜையில் வைப்பதைப் பார்த்தாள்.

"அந்த மனுசன் பேரு வந்துடுச்சு," என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். "ஓஸ்வால்ட் பெர்னார்ட். பேச்சை முழுசா கேட்டுட்டு உறுதி பண்ணாருன்னு போட்டுருக்கு. இந்த ஊர்ல எத்தன ஓஸ்வால்ட் பெர்னார்ட் இருப்பாங்க? தமிழ் தெரிஞ்சவங்க?"

அவன் உட்காராமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"பெர்னதெத், நான் சொல்றத கேளு. ஃபர்ஸ்ட் டைம் எனக்கு தெரியாது. பேரே காட்ட மாட்டாங்க."

"ரெண்டாவது வாட்டி?"

"ரெண்டாவது வாட்டி ஆடிட் இருந்துச்சு. அதுல ஒரு ப்ரொசீஜர் இருக்கு..."

"கேட்டீங்களா? காதால?"

"கேட்டேன்."

"நான் சொன்னது சரியா கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றான். அதற்குப் பிறகு அவன் விளக்க ஆரம்பித்தான். சட்டம் என்ன சொல்கிறது, தரம் என்ன சொல்கிறது, சிவப்பை அமுக்கினால் எத்தனை பெட்டி திறக்கும், ஒரு மனிதன் நடுவில் இருப்பதால் அவன் ஒருவனே முடிவு பண்ணிவிட முடியாது, இது முறை, இது ஏற்பாடு, இதில் தனிப்பட்ட முறையில் யாரும் பொறுப்பில்லை. பேசிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். இப்போது நிறுத்துவாள், இப்போது அந்தச் சொல்லைச் சொல்லி நிறுத்திவிடுவாள் என்று ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் காத்தான். அவள் நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவன் சொன்னது முழுவதையும் அவள் நின்று கேட்டாள். சொல்வதற்கு அவனிடம் ஒன்றும் மிச்சமில்லாமல் போய், அவனாகவே வாயை மூடிக்கொண்டான்.

பெர்னதெத் பஃப்ஸ் பொட்டலத்தை எடுத்தாள். வாசல் கதவைத் திறந்து, நாய் படுத்திருந்த பக்கமாக வைத்துவிட்டு வந்தாள். அவனைத் தாண்டிப் போகும்போது நின்றாள். எத்தனை சண்டையிலும் அவள் அவனுக்கு 'ங்க' போடாமல் பேசியதில்லை.

"சாகு," என்றாள்.

'கு' மெலிந்திருந்தது. அழகு என்பதில் வருகிற 'கு'. ஓஸ்வால்டுக்குக் காது நன்றாகவே கேட்டது. இந்த முறை இயந்திரம் கேட்டிருந்தாலும் தப்பில்லாமல்தான் எழுதியிருக்கும்.